மிச்சமாக இருப்பது ஆட்களா, நாட்களா?

ஆந்திரத்தின் சத்தியவேட்டுக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து கேட்கப்பட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் நிலம், பெரும்பகுதி மானாவாரி, அதை நம்பி அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மருமகள் என ஐந்து பேர், உருப்படியான வேலை இருப்பது ஆண்டில் மூன்று நான்கு மாதங்கள்தான். ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தின் தொழிற்சாலைகள் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஊரில் இத்தனை பேர் நிலத்தையே சுற்றிக்கொண்டிருப்பது ஏன், வேளாண்மைக்குத் தேவைப்படாத இவர்களை வேறு தொழிலுக்கு மாற்ற அரசு செய்ய வேண்டியது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அரசைப் பற்றிய கேள்வியாக எழுதப்பட்டிருந்தாலும், அதற்குள் ஒரு வீட்டின் கேள்வி இருக்கிறது: ஐவரில் யார் போகலாம், யார் இருக்க வேண்டும், போகிறவர் எந்த நம்பிக்கையில் நிலத்தை விட்டுப் போவார்? இதற்கு விடை காணாத எந்தத் திட்டமும் உங்கள் ஊரில் நிலைக்காது என்பதே என் கருத்து. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நான் வேளாண் பொருளாதாரம் படித்தவன். திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர், சத்தியவேடு பகுதிகளில் கிராமப்புற இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிப்பதிலும், பயிற்சி முடித்தவர்களை வேலையில் சேர்த்துப் பின்தொடர்வதிலும் நீண்ட காலம் ஈடுபட்டவன். ஆகவே இங்கே சொல்வது ஏரிப் பாசனமும் மானாவாரியும் கலந்த இந்த எல்லைப் பகுதிக்குப் பொருந்தும். ஆற்றுப் பாசனமும் முப்போகமும் உள்ள இடங்களுக்கு இதை அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது.

வேளாண்மையில் ஆள் மிச்சமா என்ற விவாதம் பழையது. தேவைக்கு மேல் ஆட்கள் அங்கே தேங்கியிருக்கிறார்கள், அவர்களில் ஒரு பகுதியினரை வெளியே எடுத்தாலும் விளைச்சல் குறையாது, அவர்களைக் கொண்டே தொழில்துறையைப் பெருக்கலாம் என்று 1954இல் பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸ் எழுதினார். 1964இல் தியோடர் ஷுல்ட்ஸ் இதை மறுத்தார். 1918–19ஆம் ஆண்டுகளின் கொள்ளைக் காய்ச்சலில் (இன்ஃபுளூயன்சா) இந்தியாவில் ஏராளமானோர் இறந்த பிறகு பயிரிடப்பட்ட பரப்பும் சுருங்கியது. ஆள் உண்மையிலேயே மிச்சமாக இருந்திருந்தால் பரப்பு ஏன் சுருங்க வேண்டும் என்பது அவர் வாதம். 1979இல் பொருளாதார நோபல் பரிசு இவ்விருவருக்கும் பகிர்ந்தே அளிக்கப்பட்டது. இந்த வாதங்களில் நம் ஊர் நிலைக்கு மிக நெருங்கி வருவது 1966இல் அமர்த்தியா சென் தந்த விளக்கம் என்று கருதுகிறேன். ஒருவர் வெளியேறும்போது வீட்டில் மீந்திருப்பவர்கள் கூடுதல் நேரம் உழைத்து அவர் பங்கையும் முடிப்பார்களானால் விளைச்சல் குறையாது. முடிக்க இயலாவிட்டால் குறையும். அதாவது ஆளை எண்ணிப் பயனில்லை, வீட்டில் மீந்திருப்பவர்களின் உழைப்பு நேரத்தை எண்ண வேண்டும்.

உங்கள் மூன்று ஏக்கரையே எடுத்துக்கொள்வோம். மானாவாரி வேர்க்கடலைக்கு ஏக்கருக்கு ஐம்பது ஆள்நாள் (ஓர் ஆள் ஒரு நாள் செய்யும் வேலை ஓர் ஆள்நாள்) என்று தாராளமாகவே வைத்தாலும் மொத்தம் 150 ஆள்நாட்கள். ஐந்து பேர் ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்ய வல்லவர்கள் என்றால் வீட்டில் இருப்பது 1500 நாட்கள். பத்தில் ஒரு பங்குதான் நிலத்துக்குத் தேவை, ஒருவரை வைத்துக்கொண்டு நான்கு பேரை அனுப்பிவிடலாம் என்று இந்தக் கணக்கு சொல்லும். ஆனால் அந்த 150 நாட்கள் ஆண்டு முழுவதும் பரவிக் கிடப்பவை அல்ல. ஆனி, ஆடியில் விதைப்பு, அதன் பின் களை, ஐப்பசியில் செடி பிடுங்கிக் காய் ஆய்வது என்று பெரும்பகுதி ஐந்தாறு வாரங்களுக்குள் விழுந்துவிடுகிறது. அந்த வாரங்களில் ஐந்து பேரும் தேவை, சில நாட்களில் ஐந்து பேரும் போதாது. ஏரிக்குக் கீழே நெல் வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான்: ஓர் ஏக்கர் நடவுக்கு ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேண்டும், அறுவடையை இயந்திரம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும், இடைப்பட்ட மாதங்களில் நீர் கட்டுவதும் களையெடுப்பதும்தான் வேலை. ஆள் கிடைக்கவில்லை என்று நிலக்காரர் சொல்வதும், வேலை கிடைக்கவில்லை என்று கூலிக்காரர் சொல்வதும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில் உண்மையாக இருப்பது இதனால்தான். மிச்சமாக இருப்பவை நாட்கள். அவை ஐந்து பேரிடமும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி ஒரு முழு ஆளாக்கி வெளியே அனுப்ப வேண்டுமானால், நெருக்கடி வாரங்களில் அந்த ஆளின் இடத்தை நிரப்ப ஏதேனும் ஒன்று வேண்டும்: இயந்திரம், கூலிக்குப் பணம், அல்லது வேறு பயிர்.

நாடு தழுவிய புள்ளிவிவரத்தில் உறுதியாகத் தெரிவது ஒன்று உண்டு, தடுமாறச் செய்வது ஒன்று உண்டு. 2011–12இல் இந்தியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 48.9 விழுக்காட்டினர் வேளாண்மையில் இருந்தனர். 2018–19இல் அது 42.5 ஆகக் குறைந்தது. இதுவரை எதிர்பார்த்த திசைதான். கொரோனா முடக்கம் வந்த 2019–20இல் அது 45.6 ஆகவும் மறு ஆண்டில் 46.5 ஆகவும் ஏறியது. நோய் தணிந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, 2023–24இல் 46.1 விழுக்காடு. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தரும் துறையில் தொழிலாளர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் இருக்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் விரும்பி வந்தார்களா, வேறு வழியின்றித் தங்கிவிட்டார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முன்பு கணக்கில் வராத பெண்களின் ஊதியமில்லாத வீட்டு வேளாண் உழைப்பு இப்போது கூடுதலாகப் பதிவாவதும் ஒரு காரணம் என்பார்கள். நான் பார்த்த அளவில் இரண்டும் உண்மை. எப்படியாயினும், நிலத்தை விட்டுப் போவது ஒருவழிப் பாதை என்ற எண்ணத்தை அந்த ஆண்டுகள் உடைத்துவிட்டன.

2004–05க்கும் 2011–12க்கும் இடையில் வேளாண்மையை விட்டவர்களில் பெரும்பகுதியினர் தொழிற்சாலைக்குப் போகவில்லை, கட்டட வேலைக்குப் போனார்கள். நம் பகுதியில் இதைப் பார்க்கத் திருத்தணி நிலையத்திலோ கும்மிடிப்பூண்டி நிலையத்திலோ விடியற்காலையில் நின்றால் போதும். ஒரு மேஸ்திரியின் கீழ் பெரியாளும் சித்தாளுமாகச் சென்னைக்குப் போகும் கூட்டம் அது. திருத்தணி வரையும் சூலூர்ப்பேட்டை வரையும் ஓடும் புறநகர் ரயில்களும் அவற்றின் சீசன் டிக்கெட்டும் செய்த அளவுக்கு எந்தத் திட்டமும் இந்தப் பகுதியில் ஆட்களை வேறு தொழிலுக்கு மாற்றியதில்லை என்று தயங்காமல் சொல்வேன். காலையில் போய் இரவு வீடு திரும்பலாம். கடலை பிடுங்கும் வாரத்தில் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு நின்றுகொள்ளலாம். அதற்காக யாரும் வேலையை விட்டு எடுத்துவிட மாட்டார்கள். இந்த நெகிழ்வுதான் கட்டட வேலையின் பலம். சாரத்திலிருந்து விழுந்தால் கேட்பாரில்லை, ஐம்பது வயதில் முதுகு போய்விடும், வருங்கால வைப்பு நிதி கிடையாது என்பவை அதன் மறுபக்கம். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டால் விபத்து நிவாரணமும் பிற உதவிகளும் உண்டு. ஆனால் வாரியம் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. சத்தியவேட்டில் வீடும் சென்னையில் வேலையுமாக இருப்பவர் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்.

தொழிற்சாலைகளுக்கு வருகிறேன். 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டியில் இன்று வாகனம், சாக்லேட், ஏசி, மின்னணுப் பொருட்கள் எனப் பலவும் தயாராகின்றன. அவை வேலை தரவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. எவருக்குத் தருகின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு, ஐடிஐ, டிப்ளமோ முடித்த பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையிலானவர்களையே உற்பத்தி வரிசைக்குத் தேடுகிறார்கள். உங்கள் வீட்டில் நிலத்தில் மிச்சமாக இருப்பவர் நாற்பத்தைந்து வயது அம்மா. கம்பெனி பஸ் வந்து ஏற்றிப் போவதோ இருபது வயது மகனை. அவன் ஏற்கெனவே நிலத்தில் பெரிதாக உழைத்துக்கொண்டிருக்கவில்லை, படித்துக்கொண்டிருந்தான் அல்லது வேலை தேடிக்கொண்டிருந்தான். ஆகவே தொழிற்சாலை நிரம்புகிறது, வீட்டுக்குப் பணம் வருகிறது, ஆனால் வயலில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை அப்படியே நிற்கிறது. உங்கள் கேள்வியில் உள்ள புதிருக்கு இதுவே முதன்மையான விடை.

இரண்டாவது விடை, அந்த வேலை எவ்வளவு காலம் நிற்கும் என்பதில் இருக்கிறது. நான் அனுப்பிவைத்தவர்களில் பலர் ஒப்பந்ததாரர் வழியாகவோ பயிற்சியாளர் என்ற பெயரிலோ சேர்ந்தவர்கள். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி சேருபவருக்குக் கிடைப்பது உதவித்தொகை. சம்பளம் இல்லை, வைப்பு நிதியும் இல்லை. தொழில் கற்றுக்கொள்ளும் முதல் ஓராண்டுக்கு அது நியாயமான ஏற்பாடு. ஆனால் கற்க ஒரு மாதம் போதுமான வேலைக்கும் அதே பெயரில் ஆள் எடுத்து, காலம் முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்தை எடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இருபத்தாறு வயதில் அவன் ஊர் திரும்பும்போது கையில் இருப்பது ஒரு திருகாணியை முடுக்கிய அனுபவம் மட்டுமே. இதைத் தன் கண்ணால் பார்க்கும் தகப்பன், மகன் சம்பாதிக்கிறான் என்பதற்காக நிலத்தைக் குத்தகைக்கு விடுவாரா? விடமாட்டார், விடாதது முற்றிலும் அறிவுடைமை. வேலை நிலையற்றதாக இருக்கும் வரை நிலம்தான் அந்த வீட்டின் ஓய்வூதியம், காப்பீடு, வேலையில்லாக் கால உதவி எல்லாம்.

எல்லையில் வாழ்வதால் வரும் சிக்கலையும் சொல்ல வேண்டும். 1960இல் எல்லை மாற்றி வரையப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கமும் சத்தியவேடு ஆந்திரப் பக்கமும் ஆயின. பேச்சும் கொள்வினை கொடுப்பினையும் இரு பக்கமும் ஒன்றாகவே தொடர்கின்றன. ஆனால் வேலைவாய்ப்பு விதிகள் எல்லைக் கோட்டைப் பார்க்கின்றன. தனியார் தொழிற்சாலை வேலைகளில் 75 விழுக்காடு உள்ளூர்க்காரர்களுக்கு என்று ஆந்திரம் 2019இல் சட்டம் இயற்றியது. அதன்படி நீங்கள் உள்ளூர்க்காரர், ஊத்துக்கோட்டையில் இருக்கும் உங்கள் அத்தை மகன் வெளியூர்க்காரர். ஹரியானாவின் இதே போன்ற சட்டத்தை 2023இல் உயர் நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியதால், இத்தகைய சட்டங்களை நம்பி நீண்ட காலத் திட்டம் போட வேண்டாம் என்றே யாரிடமும் சொல்வேன். ஒரு மாநிலத்தில் பெற்ற சாதிச் சான்று மற்ற மாநிலத்தின் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்பதையும், பிள்ளையை எந்தப் பக்கத்து ஐடிஐயில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் முன் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமான நாட்களில் பெரும்பங்கு பெண்களுடையது. 2023–24 கணக்கெடுப்பில் கிராமப்புற ஆண் தொழிலாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேளாண்மையில். பெண்களிலோ முக்கால் பங்குக்கும் மேல். ஆண்கள் சீசன் டிக்கெட் எடுத்துப் போய்விட்டார்கள், பெண்கள் நிலத்தோடு நின்றுவிட்டார்கள். அவர்கள் நிற்கும் நிலமும் மாறிக்கொண்டிருக்கிறது. சித்தூர்ப் பக்கம் கடலைக் கொல்லைகள் பல மாந்தோப்பாகிவிட்டன. ஆள் கிடைக்காத நிலக்காரருக்கு மா ஒரு தீர்வு. ஆனால் களையெடுத்தும் காய் ஆய்ந்தும் பிழைத்த நிலமற்ற பெண்ணுக்கு அதே மாமரம் வேலையிழப்பு. மாம்பழக் கூழ் ஆலைகள் அவர்களை எடுத்துக்கொள்கின்றன என்று சொல்லப்படுவது ஓரளவே சரி. ஆலை ஓடுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதுவும் ஏறக்குறைய விதைப்புக் காலம். சும்மா இருக்கும் மாதங்களில் ஆலையும் மூடித்தான் இருக்கும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த நூறு நாள் வேலை அந்தச் சும்மா மாதங்களுக்கென்றே அமைந்த ஏற்பாடு. 2025–26க்கு அறிவித்த கூலி தமிழ்நாட்டில் 336 ரூபாய், ஆந்திரத்தில் 307 ரூபாய். அதனால் விவசாயத்துக்கு ஆள் கிடைக்காமல் போனது என்ற புகாரை நான் முழுதாக ஏற்கவில்லை. கூலி உயர்ந்தது, உயர்ந்தாக வேண்டிய கூலிதான் அது. ஆனால் அது வேறு தொழிலுக்கு ஏறிச்செல்லும் படியாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பெண்கள் உண்மையிலேயே வேறு தொழிலுக்கு மாறிய இடங்கள் நகரி, புத்தூர், பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற தறி ஊர்கள். விசைத்தறி ஓட்டுவது, நூல் சுற்றுவது, பாவு தயாரிப்பது எல்லாம் வீட்டை ஒட்டியே நடப்பவை. நேரத்தைத் தாங்களே அமைத்துக்கொள்ளலாம். கூலி குறைவு, தறிச் சத்தத்தில் காது போகிறது, நூல் விலை ஏறினால் தறி நின்றுவிடும். இத்தனையும் இருந்தும் தலைமுறைகளாக அது நிற்கிறது, ஏனெனில் யாரும் வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. 1978இல் சீனாவின் கிராமத் தொழில் நிறுவனங்களில் ஏறத்தாழ 2.8 கோடிப் பேர் வேலை செய்தார்கள், 1996இல் 13.5 கோடிப் பேர். நிலத்தை விட்டாலும் ஊரை விடாமல் தொழில் மாறியவர்கள் அவர்கள். அந்த நிறுவனங்கள் பின்னர் பெருமளவு தனியார் கைக்குப் போயின. நம் அரசமைப்பில் அதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் தொழிலை ஊருக்கு அருகில் வைத்தது அங்கே பலன் தந்தது என்பதில் ஐயமில்லை.

இதன்படி அரசு செய்யத்தக்கவை என்று நான் கருதுவதில் முதலிடம் பயிற்சி மையத்துக்கு அல்ல, பேருந்துக்கு. காலை ஷிப்டுக்கும் இரவு ஷிப்டு முடிவுக்கும் பொருந்தும் நேரத்தில், எல்லையில் நின்று திரும்பாமல் இரு மாநில ஊர்களையும் இணைத்து ஓடும் பேருந்து வேண்டும். அடுத்தது ஊரிலேயே குழந்தைகள் காப்பகம். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை காப்பகம் வைக்க வேண்டும் என்று, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. ஆனால் விடியுமுன் கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் கைக்குழந்தையைத் தூக்கிப் போக எந்தத் தாயும் துணியமாட்டாள். அங்கன்வாடி மாலை ஆறு மணி வரை திறந்திருந்தால் உங்கள் வீட்டு மருமகள் வேலைக்குப் போகலாம். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024இல் 18,720 படுக்கைகளுடன் பெண் தொழிலாளர் விடுதி திறக்கப்பட்டது. திருமணமாகாத இளம்பெண்களுக்கு அது பெரிய உதவி. முப்பது வயதுத் தாய்க்கு விடுதி விடையாகாது.

மூன்றாவது குத்தகை. குத்தகைதாரர் பெயர் பதிவானால் நிலம் திரும்பாது என்ற அச்சத்தால் நம் பக்கம் எல்லாம் வாய்ப்பேச்சுதான். வெளியே போகிறவர் அதற்குப் பயந்து நிலத்தைத் தரிசாகப் போடுகிறார் அல்லது சவுக்கு நட்டுவிடுகிறார். உங்கள் மாநிலத்தில் 2019ஆம் ஆண்டின் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் 11 மாதங்களுக்கு மட்டும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வழி செய்கிறது; நில உரிமைக்கு அதனால் பாதிப்பில்லை, சாகுபடி செய்பவருக்குப் பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் அட்டை கிடைக்கும். நிலக்காரர் கையொப்பமிடத் தயங்குவதே அதன் முட்டுக்கட்டை. அந்தத் தயக்கத்தைக் கிராம அளவில் பேசித் தீர்ப்பது புதிய தொழிற்பேட்டை கட்டுவதைவிடச் செலவு குறைந்த வேலை.

பயிற்சித் திட்டங்களைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். 2014இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டம் 15 முதல் 35 வயதினருக்கும், பெண்கள் முதலிய சில பிரிவினருக்கு 45 வயது வரையிலும் உரியது. பயிற்சி பெற்றவர்களில் 70 விழுக்காட்டினருக்கு வேலை தர வேண்டும், மூன்று மாதம் நிலைத்தால் அது கணக்கில் சேரும். என் அனுபவத்தில் மூன்றாம் மாதம் முடிந்த பிறகுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. ஆகவே எந்த மையத்தில் சேர்வதானாலும், முந்தைய ஆண்டு முடித்தவர்களில் ஓராண்டு கழித்தும் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். இருவரின் தொலைபேசி எண்ணை வாங்கி நேரில் பேசுங்கள். தர மறுக்கும் மையத்தைத் தவிர்த்துவிடலாம். மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் சுயதொழில் பயிற்சி மையங்களில் தங்குமிடமும் உணவும் உட்பட எல்லாம் இலவசம். மோட்டார் பழுது, குளிர்சாதனப் பழுது, வயரிங் போன்றவற்றுக்கு நான் அவற்றையே பரிந்துரைப்பேன். வேலையை விட்டு வந்தாலும் கையில் தொழில் நிற்கும்.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை என் யோசனை இதுதான். மகன்களில் ஒருவர் தொழிற்சாலைக்குப் போகட்டும், ஆனால் சேரும் முன் நியமனக் கடிதத்தில் தொழிலாளியா, பழகுநரா, ஒப்பந்தக்காரரின் ஆளா என்று பார்க்கட்டும். முதல் மாதமே வைப்பு நிதி எண்ணையும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐயின் எண்ணையும் வாங்கிக்கொள்ளட்டும். மற்றவர் நெருக்கடி வாரங்களில் நின்றுகொள்ளக்கூடிய கைத்தொழில் ஒன்றைப் பழகட்டும். இரண்டு கறவை மாடுகள் அம்மாவின் மிச்ச நாட்களுக்கு ஆண்டு முழுவதும் வருமானம் தரும். புள்ளிவிவரத்தில் அதுவும் வேளாண்மைதான், அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. மூன்று ஏக்கரில் ஒரு பகுதியை மட்டும் 11 மாத எழுத்துக் குத்தகைக்கு ஓராண்டு விட்டுப் பாருங்கள். தொழிற்சாலைக்குப் போன மகன் இரண்டாம் ஆண்டும் வேலையில் நிலைத்தால் மீதியைப் பற்றி அப்போது முடிவு செய்யலாம். அதுவரை பட்டாவைக் கைமாற்றவோ நிலத்தை அடமானம் வைத்து வேலைக்கு முன்பணம் கட்டவோ வேண்டாம். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் போகவே போகாதீர்கள்.